முதலில் புத்தகம், பிறகு பண்ணை

கனடாவின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள ஆசையா? ஒரு பழைய புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். புதிதாகக் குடியேறும் பெண்களுக்காக கேத்தரின் பார் டிரெயில் 1854இல் எழுதிய வீட்டுக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் முறை அதில் இருக்கிறது. (பூர்வகுடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்துவந்த வேலை இது.)

படித்ததும் அதைச் செய்கிறவர்களிடமே போங்கள். மார்ச், ஏப்ரலில் கியூபெக், ஒன்டாரியோ மாகாணப் பண்ணைகளில் நேரிலேயே பார்க்கலாம். இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் இருந்தால்தான் சாறு ஓடும். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டி 1 லிட்டர் பாகு ஆகிறது; விலை ஏன் அவ்வளவு அதிகம் என்பது அடுப்பருகே நின்றால் புரிந்துவிடும்.

பருவத் தொடக்கத்துப் பாகு பொன்னிறம், மென்மையான சுவை. கடைசியில் எடுப்பது கருமை, அழுத்தமான சுவை. சமையலுக்குக் கருமையானதுதான் சரி என்பேன். இரண்டையும் ருசித்துப் பார்த்தே வாங்குங்கள். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

டொரன்டோக்காரர்கள் பண்ணை வரை போக முடியாவிட்டால், செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட்டில் சனிக்கிழமை கூடும் விவசாயிகள் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேருவதற்கு முன் விற்பவர்கள் பொறுமையாகப் பேசுவார்கள்.