பேய் முகமூடி சேர்க்கிறீர்களா? மதுரை வெயிலில் லேடெக்ஸ் பத்திரம்

அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ பரண் மேலேயோ லேடெக்ஸ் (ரப்பர் பால்) முகமூடியை வைத்தால், முதலில் பிசுபிசுக்கும், பிறகு காது மடல், கண் ஓரம் என மெல்லிய இடங்களில் வெடிக்கும். சூடும் வெளிச்சமும் ரப்பரை அரித்துவிடும். பீரோவின் கீழ்த்தட்டுதான் சரியான இடம்.

சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். நிழலில் ஒரு நாள் உலரட்டும். உள்பக்கம் மட்டும் டால்கம் பவுடர். வெளியே பட்டால் பெயின்ட் வெளுத்துத் தெரியும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மூர் வழக்கம், ஆனால் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

விக் மாட்டும் தெர்மாகோல் தலையில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றி மாட்டுங்கள். சுங்குடித் துணி வேண்டாம், சாயம் ஒட்டும். செய்தித்தாளும் அப்படியே, மை இறங்கும். செம்பு, பித்தளைக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள், ரப்பர் சீக்கிரம் கெடும்.

மூக்கு நசுங்கிவிட்டதா? உள்ளே பஞ்சு அடைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2 நிமிடம் காட்டுங்கள். நன்றாக ஆறிய பிறகே பஞ்சை எடுக்க வேண்டும்.