கடற்பசுவையும் வெசாக் ஓர்கிட்டையும் ஒப்பிடுவது எப்படி

ஒரு கடல் முலையூட்டியையும் ஓர் அரிய ஓர்கிட்டையும் ஒப்பிடுக. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒப்படை இது. வெள்ளவத்தை வீட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவள், தாளின் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் விலங்கு, மறுபக்கம் தாவரம் என்று எழுதினாள். அப்படித் தொடங்கினால் நாலு வரியில் விஷயம் வற்றிவிடும்.

முதலில் நம் நாட்டிலேயே இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மன்னார்க் கடலில் கடற்பசு இருக்கிறது. கொழும்பில் நாம் வெசாக் கூடு பார்க்கப் போகிற அதே மே மாதத்தை ஒட்டித்தான் தென்மேற்கு மழைக்காடுகளில் வெசாக் ஓர்கிட் பூக்கிறது, அது இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

சரி, இனி இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எதை நம்பி வாழ்கிறாய்? கடற்பசுவுக்குக் கடற்புல் வேண்டும், அந்தப் புல்லுக்கு வெயில் அடிவரை இறங்குகிற தெளிந்த தண்ணீர் வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடவேண்டிய உயிர் என்பதால், வலையில் சிக்கினால் கடலுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஓர்கிட்டுக்கு மரம் வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் ஒட்டுண்ணி என்று எழுதிவிடுவார்கள், கவனம். அது மேலொட்டி, மரத்தில் உட்கார்ந்திருக்கிறதே தவிர மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

அடுத்து, எப்படிப் பெருகுகிறது என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடற்பசு ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகலாம். ஓர்கிட் காயிலோ எண்ணவே முடியாத அளவு விதை. உங்கள் பல்கனி ஓர்கிட்டில் எப்போதாவது காய் முற்றி வெடித்தால் கறுப்புத் தாளில் தட்டிப் பாருங்கள், முகப்பவுடர் மாதிரி இருக்கும், மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். அவ்வளவு சின்ன விதைக்குள் சேமித்த உணவு இல்லாததால், காட்டில் அது முளைக்கப் பொருத்தமான பங்கசு ஒன்று கூட இருந்தாக வேண்டும். ஒன்று ஒரே குட்டியோடு, மற்றது அத்தனை விதையோடு, ஆனாலும் இரண்டுமே அழிந்தால் சுலபத்தில் மீண்டு வராதவை. ஒப்படையில் நீளமாக எழுதவேண்டியது இதைத்தான்.

அப்புறம் படம். பூவை மட்டும் வரையாமல் அது பற்றியிருக்கும் கிளையையும் வரையச் சொல்லுங்கள், கடற்பசுவுக்குக் கீழே புல்லையும். மகள் அந்தப் புல்லின் நடுவே, கடற்பசு மேய்ந்துபோன வெறும் மணல் தடத்தையும் வரைந்தாள்.