வீல் ஸ்பேசர் மாட்டும் முன் ஹப்பைப் பாருங்கள்

கோவையில் டயர், அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். 2023-ல் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வந்த பிறகு, "அண்ணா, டயர் உள்ள போன மாதிரி இருக்குதுங்க, ஸ்பேசர் போட்டு வெளிய கொண்டு வரலாமுங்களா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும், அது மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதியான ஹப்புக்கும் நடுவில் வைக்கும் உலோகத் தட்டு. ஃபோக்ஸ்வாகன் போலோ வைத்திருப்பவர்கள் இதே கேள்வியை அதற்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "ஸ்டட் உடைஞ்சிராதுங்களா?" ஸ்டட் என்பது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பி, நட்டு அதில்தான் ஏறும். சரியாகப் பொருத்தினால் அது உடையாது. அந்தச் "சரியாக" என்பதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். நான் சொல்வதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

முதலில் சக்கரம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் எடையை ஸ்டட்தான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படியில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் துளி நீண்டு, ஸ்பிரிங் மாதிரி சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு இழுத்து அழுத்துகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஒரு நட்டுக்குச் சுமார் 4 டன் அழுத்தம் கிடைக்கும். இரண்டு முகங்களும் இவ்வளவு அழுத்தத்தில் ஒட்டி நிற்பதால் உண்டாகும் உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக்கையும் தாங்குகிறது. அந்த அழுத்தம் குறைந்தால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளையும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிற மாதிரி ஒரு நாள் ஒடியும். ஸ்பேசர் போட்டால் ஒட்ட வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. ஆகவே கவனமும் இரண்டு மடங்கு வேண்டும்.

ஸ்பேசரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறும் தட்டு மாதிரி ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செருகுவது. அதற்கு அதே அளவுக்கு நீளமான போல்ட்டோ ஸ்டட்டோ வேண்டும். போலோ மாதிரி, ஸ்டட்டும் நட்டும் இல்லாமல் போல்ட்டாலேயே சக்கரத்தை மாட்டும் வண்டிகளுக்கு இது வசதி. இன்னொன்று, ஸ்பேசரை முதலில் வண்டியின் ஸ்டட்டில் நட்டு போட்டு இறுக்கி, அதிலேயே பதித்திருக்கும் புது ஸ்டட்களில் சக்கரத்தை மாட்டுவது. ஜிம்னிக்குப் பெரும்பாலும் போடுவது இதுதான். நட்டு உட்காரக் குழி தேவை என்பதால் 20 மி.மீ.க்குக் கீழே இந்த வகை வந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று: பி.சி.டி. (எத்தனை ஸ்டட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மி.மீ.), நடு ஓட்டை, மரை (விட்டம் × ஒரு சுற்றின் இடைவெளி, மி.மீ.). ஜிம்னிக்கு 5 × 139.7, நடு ஓட்டை 108 மி.மீ., மரை 12 × 1.25. போலோவுக்கு 5 × 100, 57.1, போல்ட் 14 × 1.5. பி.சி.டி. பொருந்தாவிட்டால் மாட்டவே முடியாது, அதனால் அதில் ஏமாற வாய்ப்பு குறைவு. ஏமாறுவது நடு ஓட்டையில். எல்லா வண்டிக்கும் சேரட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வைத்து விற்கிறார்கள். அப்படிப்பட்டதை மாட்டினால் சக்கரம் ஹப்பின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. ஸ்பேசரின் உள்விளிம்பு ஹப்பில் இறுக்கமாகச் சேர வேண்டும். வெளிப்பக்கம் அதே விட்டத்தில் ஒரு உதடு, அதாவது நீட்டி நிற்கும் வளையம், இருக்க வேண்டும், சக்கரம் அதில் உட்கார வேண்டும். 3 மி.மீ., 5 மி.மீ. தட்டுகளில் இந்த உதட்டை வைக்கவே இடமில்லை. ஹப்பின் உதடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து, தட்டைப் போட்ட பிறகும் சக்கரத்துக்கு மிச்சம் இருக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "அலுமினியத்துல கடைஞ்சு தர்றேன்" என்று யாராவது சொல்வார்கள். அவர்களின் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் ஸ்பேசரை அங்கே செய்யாதீர்கள் என்றே சொல்வேன். எந்தக் கலவை உலோகம் என்று தெரியாத கட்டி, கையில் குறித்துத் துளைத்த ஓட்டைகள். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஹப்பின் உதடு முகத்தோடு சேரும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். ஸ்பேசரின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவவில்லை என்றால் அது அந்த வளைவின் மேல் ஏறி நிற்கும். பார்க்க உட்கார்ந்த மாதிரியே தெரியும், நட்டும் இறுகும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த விளிம்பு நசுங்கி, நட்டு எல்லாம் லூசாகிவிடும். அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. வளைவில் திரும்பும்போது "டிக் டிக்" என்று சத்தம், ஐந்தில் இரண்டு ஸ்டட் ஏற்கனவே போயிருந்தது. 6061-டி6 அலுமினியத்தில் சி.என்.சி.யில் (கணினி இயக்கும் இயந்திரத்தில்) செய்து, ஸ்டட்டின் வலிமைத் தரம் 10.9 என்று பொறித்து, எத்தனை முறுக்க வேண்டும் என்ற தாளோடு வரும் ஸ்பேசரையே வாங்குங்கள்.

எவ்வளவு தடிமன் போடலாம்? அளவு தெரியாமல் ஆசைப்படுவதை இங்கேதான் நிறையப் பார்க்கிறேன். ஆஃப்செட் என்பது சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. ஜிம்னி அலாய் சக்கரத்தின் ஆஃப்செட் 5. அதில் 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் மைனஸ் 20 ஆகிவிடும், இரண்டு பக்கமும் சேர்த்து 50 மி.மீ. அகலம் கூடும். சக்கரத்தின் நடுக்கோடு பேரிங்கிலிருந்து வெளியே தள்ளிப் போவதால் பேரிங் சீக்கிரம் தேயும். ஸ்டியரிங் குழிக்குக் குழி இழுக்கும். ஜிம்னிக்கு முன்பக்கமும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இறுக்கமான ஆக்சில் என்பதால், சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள கிங்பின் பேரிங்கோ புஷ்ஷோ கொஞ்சம் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் உதறல் கிளம்பும். தேய்மானம் ஏற்கனவே இருந்ததுதான், ஸ்பேசர் அதைப் பெரிதாக்கிக் காட்டும். இதே ஆஃப்செட்டில் வேறு அலாய் போட்டாலும் பேரிங்குக்கு வேலை ஒன்றுதான், அதனால் எல்லாப் பழியையும் ஸ்பேசர் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் எப்படியும் புது அலாய் வாங்கப் போகிறீர்கள் என்றால் சரியான ஆஃப்செட்டில் வாங்கிவிடுங்கள், ஸ்பேசரே தேவைப்படாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. டயர் ஃபெண்டரை (மட்கார்டை) தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் கேள்வி வரலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி, கியர் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் தெரியும் ஹப் முகத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. துரு, பழைய பெயின்ட், பிரேக் தூள் எல்லாவற்றையும் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுக்கு நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் மேல் தட்டு எப்படி ஆடுமோ, ஒரு துருச் செதில் இருந்தாலும் ஸ்பேசர் அப்படித்தான் ஆடும். சில வண்டிகளில் ஸ்டட்டில் மெல்லிய தகரக் கிளிப் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். போலோவில் டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை முகத்துக்கு உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சக்கரத்தின் பின்பக்க முகத்தையும் துடையுங்கள், அலாயில் தடிமனாகப் பெயின்ட் வழிந்திருக்கும்.

நட்டு போடாமல் ஸ்பேசரைக் கையால் மட்டும் ஏற்றி, விளிம்பில் நான்கு இடத்தில் அழுத்துங்கள். ஆடக் கூடாது. ஒரு காகிதத் துண்டு எந்த இடத்திலும் உள்ளே போகக் கூடாது. இன்னும் உறுதி வேண்டுமானால் லேத்காரர்கள் செய்வது போல முகத்தில் ஒட்டும் இடத்தைக் காட்டும் நீலச் சாயமான ப்ளூவை லேசாகத் தடவி, ஏற்றி இறக்கிப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒட்டியிருந்தால் நல்லது. மூலையில் மட்டும் கறை பட்டிருந்தால் நான் மேலே சொன்ன அந்த வளைவுதான் காரணம்.

ஸ்டட் வைத்த வகை என்றால் அடுத்தது நீளம். வண்டியின் பழைய ஸ்டட் ஸ்பேசர் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் சக்கரத்தின் பின்பக்கத்தில் அதற்குப் பள்ளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஸ்டட் நுனியில்தான் நிற்கும், முகத்தில் நிற்காது. ஸ்டட்டை அறுத்துச் சின்னதாக்குவதைவிட வேறு தடிமனில் ஸ்பேசர் வாங்குவது மேல். போல்ட் வகை என்றால் மரைச் சுற்றை எண்ணுங்கள். குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை உள்ளே போக வேண்டும். 12 × 1.25 என்றால் பத்துச் சுற்று, 12 × 1.5 என்றால் எட்டு, 14 × 1.5 என்றால் ஒன்பதரை. கையால் திருகும்போதே எண்ணிவிடலாம். போல்ட்டின் தலை அமரும் இடமும் பொருந்த வேண்டும். ஃபோக்ஸ்வாகன் சக்கரத்தில் அது உருண்டை, வெளியே வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு கோட்டில் மட்டுமே தொடும், சீக்கிரம் லூசாகும்.

முறுக்கும்போது ஏர் கன்னை எட்ட வைத்துவிடுங்கள். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் தவிர வேறு எதுவும் வேண்டாம். மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள், ரெஞ்சில் அதே எண் காட்டினாலும் ஸ்டட் தாங்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். ஸ்பேசருக்கான நட்டை எதிரெதிராக, நட்சத்திரம் போல, மூன்று தவணையாக இறுக்குங்கள். சக்கரம் தரையில் இல்லாததால் ஹப் சுற்றும், ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். ஸ்பேசர் தயாரித்தவர் லாக்டைட் (மரை லூசாகாமல் பிடிக்கும் பசை) போடச் சொல்லியிருந்தால் போடுங்கள், சொல்லாவிட்டால் வேண்டாம். அப்புறம் சக்கரத்தை ஏற்றி, டயர் தரையைத் தொட்டதும் கடைசி முறுக்கு. ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

இறக்கியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா பாருங்கள். வண்டியில் நான்கு பேரை ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். முதல் ஓட்டத்துக்கு வால்பாறை போகாதீர்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, பிரேக்கைச் சூடாக்கிக்கொண்டு இறங்குவதற்கு முன் உள்ளூரிலேயே 80, 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். வந்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் ஸ்பேசர் நட்டையும் ரெஞ்சில் பாருங்கள். வெளி நட்டை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போகிறவர்கள்தான் அதிகம். ஒரு நட்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் மறுபடி இறுக்கி ஓட்டாமல், முகத்தைத் திரும்பவும் சுத்தம் செய்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அந்த ஹப்பில் உள்ள எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள், மற்றவையும் அதே பாட்டைப் பட்டிருக்கும். அதன் பிறகு டயர் ரொட்டேஷன் செய்யும் போதெல்லாம், அதாவது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, உள் நட்டைப் பார்த்தால் போதும்.

போல்ட் வகை வைத்திருப்பவர்கள் பழைய போல்ட்களையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். வழியில் பஞ்சராகி, ஸ்பேசரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால் நீள போல்ட்டைப் போடக் கூடாது. அது உள்ளே நீண்டு போய், பின்பக்க டிரம்மில் பிரேக் பாகங்களை இடிக்கும். எந்த டயர் கடைக்குப் போனாலும் வண்டியில் ஸ்பேசர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கன்னை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.