மடகாஸ்கரில் முதல் சுற்றுலா: அரியாரிக் கணக்கு போடுவது எப்படி

தலைநகர் அந்தனனரிவோவுக்கு வேலைக்கு வந்து, வீடு பிடித்து, சிம் கார்டு வாங்கி ஒருவழியாக நிலைகொண்டதும், முதல் நீண்ட விடுமுறையில் லெமூர் பார்க்கப் போகலாம் என்று தோன்றும். கட்டாயம் போங்கள். ஆனால் ஊரில் கொடைக்கானலுக்குப் போடுவது மாதிரி ‘ஒரு நாளைக்கு ரூம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு’ என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே சாப்பாடு மலிவு, சாதாரண அறையும் கட்டுப்படியாகும். பணத்தைத் தின்பது சாலைதான். எனவே முதலில் கிலோமீட்டரையும் நாட்களையும் எண்ணுங்கள், பிறகு பணத்தை எண்ணலாம்.

அதற்கும் முன்னால் காசின் கதை ஒன்று உண்டு. இங்குள்ள பணம் அரியாரி. 2005 முதல் அது மட்டுமே அதிகாரபூர்வமான பணம். அதற்கு முன்பு புழங்கியது மலகாசி ஃப்ராங்க். 5 ஃப்ராங்க் சேர்ந்தால் 1 அரியாரி. நோட்டு மறைந்து இத்தனை வருடம் ஆகியும், சந்தையிலும் கிராமத்திலும் குறிப்பாக வயதானவர்கள் இன்னும் ஃப்ராங்கில்தான் விலை சொல்கிறார்கள். ஒரு கட்டு கீரைக்கு ‘ஐயாயிரம்’ என்று காதில் விழுந்தால், அது 1,000 அரியாரியாக இருக்கலாம். கேட்காமல் நீட்டினால் ஐந்து மடங்கு கொடுத்துவிடுவீர்கள். ‘அரியாரியா, ஃப்ராங்கா?’ என்று கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

எண்ணைச் சொல்லும் முறையும் தலைகீழ். மலகாசி மொழியில் சிறிய இலக்கத்திலிருந்து பெரிய இலக்கத்துக்குப் போவார்கள். 2,500 என்பதை ‘ஐந்நூறும் இரண்டாயிரமும்’ என்கிற வரிசையில் சொல்வார்கள். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு 500 என்று நினைத்து ஆட்டோவிலோ ரிக்‌ஷாவிலோ ஏறினால், இறங்கும்போது வாக்குவாதம்தான். போனில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இருக்கிற நோட்டில் பெரியதே 20,000 அரியாரிதான்; அதுவும் 2017இல்தான் வந்தது. சில லட்சம் எடுத்தாலே கட்டு தடிமனாகிவிடும். ஏடிஎம் ஒரு தடவைக்குத் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் நீண்ட பயணத்துக்கு வேண்டிய பணத்தைக் கிளம்புகிற அன்று காலையில் எடுக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு நாட்களாகப் பிரித்து எடுங்கள். விசா கார்டு மாஸ்டர்கார்டைவிட அதிக இடங்களில் செல்லும். ரூபேயை நம்பி வர வேண்டாம். இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கிவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு இங்கே வந்து வங்கியை அழைத்துத் தவிப்பவர்கள் உண்டு. கையில் கொண்டுவருவதென்றால் யூரோ, அதுவும் கிழியாத, கறைபடாத நோட்டு. ரூபாயை இங்கே மாற்ற முடியாது. அரியாரியை ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே மாற்ற முடியாது.

போனிலேயே பணம் வைத்து அனுப்பும் சேவைகளான எம்வோலா, ஆரஞ்சு மணி, ஏர்டெல் மணி ஆகிய மூன்றில் ஒன்றைப் பாஸ்போர்ட் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். சின்ன ஊரிலும் பெட்டிக்கடை மாதிரி ஒரு முகவர் இருப்பார். கையில் பாதி, போனில் பாதி என்று பணத்தைப் பிரித்துவைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே நம் முகத்தைப் பார்த்ததும் ‘கரானா’ என்று நினைப்பார்கள். பல தலைமுறைகளாக இங்கே வணிகம் செய்யும் குஜராத்தி வம்சாவளியினருக்கு அதுதான் பெயர். அவர்களில் வசதியான குடும்பத்தினரைக் கடத்திப் பணம் பறித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. நோட்டுக்கட்டைத் தெருவில் வைத்து எண்ணாதீர்கள்.

இனி சாலை. பெரும்பாலானோர் முதலில் போவது தெற்கே ஆர்.என். 7 நெடுஞ்சாலையில். இங்கே காரை ஓட்டுநரோடு சேர்த்துத்தான் வாடகைக்கு எடுப்பது வழக்கம். நாள் வாடகையில் ஓட்டுநரின் சாப்பாடும் தங்கலும் அடக்கமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடக்கம். டீசல் பெரும்பாலும் தனி.

ஒரு குடும்பத்துக்கான கணக்கு இது. முதல் நாள் 170 கி.மீ. தள்ளி அந்த்சிராபே. இரண்டாம் நாள் மழைக்காட்டுப் பூங்கா இருக்கும் ரனோமஃபனா. மூன்றாம் நாள் அங்கே காட்டில். நான்காம் நாள் இசாலோ பூங்காவின் வாசலான ரனோஹிரா. ஐந்தும் ஆறும் இசாலோவில். ஏழு, எட்டு, ஒன்பது திரும்பும் வழி. ஒன்பது நாளில் ஆறு நாள் வண்டியிலேயே போய்விடுகிறது. ரனோஹிரா ஏறக்குறைய 700 கி.மீ. தூரம். போக, வர, பக்கவழி எல்லாம் சேர்த்து 1,600 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கும் நான்குசக்கர இயக்க வண்டிக்கு 192 லிட்டர் வேண்டும். லிட்டர் 5,000 அரியாரி என்று கொண்டால் 9,60,000 அரியாரி. அதாவது டீசலுக்கு மட்டும் 48 பெரிய நோட்டு. கிளம்பும் அன்று பங்க்கில் எழுதியிருக்கும் விலையைப் போட்டு இந்தப் பெருக்கலைத் திரும்பச் செய்யுங்கள்.

வண்டியில் இந்த நெடுஞ்சாலை முடியும் தொலியாரா வரை போய் விமானத்தில் திரும்பலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் காலி வண்டி 900 கி.மீ.க்கு மேல் திரும்பி வர வேண்டும். அந்த இரண்டு நாள் வாடகையும் டீசலும் உங்கள் தலையில்தான். இதைப் பேசாமல் விட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வரும். மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் சராசரி எதிர்பார்க்காதீர்கள், இருட்டியபின் ஓட்டச் சொல்லாதீர்கள். பள்ளமும் விளக்கில்லாத மாட்டுவண்டியும் மட்டுமல்ல, வழிப்பறியும் உண்டு.

செலவைக் குறைக்க வேண்டுமா? டாக்ஸி-ப்ரூஸ் என்கிற வேன் இருக்கிறது. நேரத்துக்குக் கிளம்பாது, நிறைந்தால்தான் கிளம்பும். கால் நீட்ட ஆளுக்கு இரண்டு இருக்கை வாங்கினாலும் கார் வாடகையில் சிறு பகுதிதான். முன்பதிவும் இருக்கை எண்ணும் தரும் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். குழந்தைகளோடு போனால் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்பது நாள் கிடைக்காதவர்களுக்கு அந்தாசிபே காட்டுப்பூங்கா போதும். கிழக்கே 140 கி.மீ. ஒரே ஓர் இரவுத் தங்கல். இந்திரி லெமூர்கள் காலையில்தான் கத்தும். அந்தக் குரல் காட்டின் மறுபக்கம் வரை கேட்கும். அதனால் முதல் நாள் மதியம் நுழைவுச்சீட்டு வாங்கி வீணாக்காமல், மறுநாள் விடியலில் வாங்குங்கள். இரவு நடையைப் பூங்காவுக்குள் அனுமதிப்பதில்லை, வெளிச்சாலையோரம்தான். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணத்தைவிடப் பல மடங்கு, தலைக்கு, நாளுக்கு. வழிகாட்டி கட்டாயம், அவர் கட்டணம் குழுவுக்கு. எனவே இரண்டு பேராகப் போவதைவிட நான்கு பேராகச் சேர்ந்து போனால் தலைச்செலவு குறையும். விலைப்பட்டியல் அலுவலகச் சுவரில் இருக்கும். எந்தச் சுற்றுப்பாதை என்று முடிவு செய்தபின் நடக்கத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு சௌகரியம். சாலையோரச் சாப்பாட்டுக்கடைக்கு இங்கே ‘ஹூதேலி’ என்று பெயர். நம் ஊர் ஹோட்டல் மாதிரியேதான், சாப்பாடு மட்டும், அறை கிடையாது. தட்டில் மலைபோலச் சோறு, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் ‘லௌக்கா’ என்னும் தொடுகறி. சோறு வடித்த பானையில் அடிப்பிடித்ததோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த ‘ரானுவூலா’வைக் குடிக்கக் கொடுப்பார்கள், கொதித்தது என்பதால் பாட்டில் தண்ணீர்ச் செலவும் மிச்சம். சைவம் சாப்பிடுபவர்கள் பீன்ஸ் கேளுங்கள். கீரையைக் கண்டதும் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம், காய்ந்த இறால் பொடிசாகக் கலந்திருக்கும். மரவள்ளி இலையை இடித்துச் செய்யும் ரவித்தூத்தூவில் பெரும்பாலும் பன்றிக்கறி. காலையில் தெருமுனையில் குழிச்சட்டியில் வார்க்கும் ‘முஃபு காசி’ அரிசிமாவுப் பணியாரம், லேசாக இனிக்கும். சில நூறு அரியாரியில் ஒன்று.

தங்கும் இடத்தில் சமைத்துக்கொள்வதாக இருந்தால், சந்தையில் அரிசியைக் ‘கபுவாக்கா’ கணக்கில் அளப்பார்கள். சுண்டிய பால் டப்பாதான் அளவை; ஏறக்குறைய மூன்றரை டப்பா ஒரு கிலோ. கோபுரமாக அளக்கிறாரா, தலைதட்டி அளக்கிறாரா என்று பார்த்து விலை பேசுங்கள். பருப்பும் மசாலாவும் தலைநகரிலேயே கரானா கடைகளில் வாங்கி எடுத்துப்போங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தச் சாலை விடுதிகள் நிறைந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை அறை மலிவு, ஆனால் புயல் காலம். சாலை அறுந்தால் ஒரு நாள் இரண்டாகும். அதற்காகவும், உள்நாட்டு விமான நேரம் கடைசி நேரத்தில் மாறும் என்பதற்காகவும் பத்தாவது நாளைக் காலியாக விடுங்கள். அந்த நாளுக்கான கார் வாடகை, அறை, சாப்பாட்டுப் பணத்தைத் தனி உறையில் போட்டு, வீடு வந்து சேரும்வரை பிரிக்காதீர்கள்.