நியூரான் பனிச்சரிவைக் கணினியில் செய்து பார்ப்பது எப்படி?

ஒரு நியூரான் (நரம்புச் செல்) துடித்து, அது வேறு சிலவற்றைத் துடிக்கவைத்து, அவை இன்னும் சிலவற்றைத் துடிக்கவைக்கும் தொடர்தான் நியூரான் பனிச்சரிவு. முதலில் 1,000 நியூரான்கள். ஒவ்வொன்றையும் ஏதாவது 10 நியூரான்களோடு இணையுங்கள். ஓர் இணைப்பு துடிப்பைக் கடத்தும் நிகழ்தகவு 0.1. இரண்டையும் பெருக்கினால் கிளைப்பு விகிதம், அதாவது ஒரு துடிப்பு சராசரியாக எழுப்பும் அடுத்த துடிப்புகளின் எண்ணிக்கை, 1. இந்த ஓர் எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு நியூரானைத் தூண்டிவிட்டு, எல்லாம் அடங்கும்வரை மொத்தம் எத்தனை துடிப்புகள் என்று எண்ணுங்கள். அதுதான் பனிச்சரிவின் அளவு. துடித்த நியூரானுக்கு அடுத்த படியில் ஓய்வு கொடுங்கள். இதை ஒரு லட்சம் முறை ஓட்டுங்கள்.

நான் எப்போதும் முதலில் நிகழ்தகவை 0.08 வைத்து ஓட்டுவேன். விகிதம் 0.8, சராசரி அளவு 5-ஐ ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

சரி, இப்போது 0.1. எந்த அளவுப் பனிச்சரிவு எத்தனை முறை வந்தது என்பதை, இரு அச்சுகளிலும் மடக்கை அளவுகோல் வைத்து வரையுங்கள். சாய்வு −1.5-ஐ ஒட்டிய நேர்கோடு தெரியும். 2003-இல் ஆய்வாளர்கள் பெக்ஸும் பிளென்ஸும் எலி மூளைப் புறணியில் கண்ட அதே எண்! முதன்முறை அது என் திரையில் வந்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோட்டின் வால் சிதறினால் அளவுகளைத் தொகுக்கும் பெட்டிகளின் (bins) அகலத்தையும் மடக்கைப்படி கூட்டுங்கள். கடைசியில் கோடு சட்டென்று கீழே விழும். அதைப் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடியிருக்கிறேன். வலையமைப்பு சிறியது, அவ்வளவுதான். 10,000 நியூரான்கள் வைத்தால் அந்த விழும் இடம் வலப்பக்கம் நகரும்.