கையிலிருக்கும் எழுத்துகளில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. வீட்டில் ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடுபவர்களுக்கு ஒரு சின்ன உத்தி.

ஓ, சி, ஈ, ஏ, என் என்று ஐந்து எழுத்து வந்திருக்கிறதா? வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையில் எழுதினால் முதலில் தெரிந்த சொல்லிலேயே கண் மாட்டிக்கொள்ளும். இந்த ஐந்தில் 'ஓஷன்' சட்டென்று தெரியும். அதே ஐந்தை மாற்றிப் போட்டால் 'கனூ', அதாவது துடுப்புத் தோணி. இது பலருக்குத் தட்டுப்படாது. காரணம், நாம் ஒலியை வைத்துத் தேடுகிறோம். சி-க்குப் பின்னால் ஏ, ஓ வந்தால் 'க' ஒலி. ஈ வந்தால் பெரும்பாலும் 'ஸ' ஒலி. அதனால் சி-யை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியிலும் சொல்லிப் பாருங்கள்: கேன், கோன், ஒன்ஸ் எல்லாம் வந்து விழும். கடைசியில் ஈ போட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள், அது பல சொற்களில் வாயே திறக்காது.

எஸ் இருந்தால் தனியே ஒதுக்கி வையுங்கள், பன்மைக்கு உதவும். கியூ வந்தால் யூ இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

அப்புறமும் முடியவில்லையா? ஒன்லுக் (OneLook) என்ற ஆங்கிலச் சொல் தேடும் இணையதளத்தில் தெரிந்த எழுத்துகளை அடித்து, தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி. ஆட்டத்தின் நடுவே மட்டும் போனை எடுக்காதீர்கள், சண்டை வரும்.