யூத பாலர் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாச்சு, அடுத்து என்ன?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கத்தில் பாலர் பள்ளி தேடும்போது அடிக்கடி கண்ணில் படுவது ஜேசிசி, அதாவது யூத சமுதாய மையம் நடத்தும் பள்ளி. யூதர் அல்லாத பிள்ளைகளையும் இவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். ஆசாரம் மிகுந்த யூதப் பள்ளிகள் சில அப்படி இல்லை, அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் பையன் இரண்டரை வயதில் அப்படி ஒரு பள்ளியில் சேர்ந்தான். ஊரிலிருந்து பாட்டி போனில் கேட்ட முதல் கேள்வி, "மதம் மாத்திடுவாங்களா?"

மாட்டார்கள். யூத மதத்தில் ஆள் பிடிக்கும் வழக்கமே இல்லை, தானாகப் போய் நின்றாலும் முதலில் தயங்க வைப்பதுதான் அவர்கள் மரபு. ஆனால் பிள்ளை மேல் எதுவுமே ஒட்டாது என்றும் நினைத்துவிடாதீர்கள். பொழுதில் பெரும்பகுதி மணல், தண்ணீர், கட்டைகள், சாயம் என்று எல்லாப் பாலர் பள்ளியையும் போலத்தான் போகும். நடுவில் கலந்து வருவதும் பாடமாக வராது, கையால் செய்யும் வேலையாக வரும். அதனால் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "கையில என்ன பிசுபிசுப்பு?" என்று கேளுங்கள், கதை முழுசாக வரும்.

முதலில் வெள்ளிக்கிழமையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத் வெள்ளி மாலை சூரியன் இறங்கும்போது தொடங்கி சனி இருட்டும் வரை போகும். பள்ளியில் அதை வெள்ளிக் காலையிலேயே கொண்டாடிவிடுவார்கள். பிள்ளைகள் மாவைத் திரித்து, சடை பின்னுவதுபோல் மூன்று புரியாகப் பின்னி ஹல்லா ரொட்டி செய்வார்கள், மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள், ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு, அப்புறம் ரொட்டி. இந்த மெழுகுவர்த்தியை யாரும் ஊத மாட்டார்கள், தானாக எரிந்து முடியும். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொல்லி வந்த பாட்டிக்கு இதைக் கேட்டதும் பாதிக் கவலை போய்விட்டது.

அந்த ரொட்டியை முதலில் துணி போட்டு மூடி வைப்பார்கள். ஏன் என்று ஒரு வெள்ளிக்கிழமை நின்று பார்த்தேன். வழக்கமாக ஆசீர்வாதம் முதலில் ரொட்டிக்குத்தான், அன்றைக்கு மட்டும் திராட்சைச் சாறு முந்திக்கொள்கிறது, அதைப் பார்த்து ரொட்டிக்கு மனசு கஷ்டப்படக் கூடாதாம், அதற்காக மூடி. ரொட்டிக்கே இவ்வளவு பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பார்க்க வேண்டும் என்பது அதில் அடக்கம், ஆனால் அந்த ஆசிரியை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, துணியை மட்டும் போட்டார். அடுத்த வாரம் வீட்டில் சாம்பார் பரிமாறும் வரை அப்பளத்தின் மேல் கைக்குட்டை கிடந்தது.

வெள்ளிக்கிழமையே ஒரு உண்டியலும் சுற்றி வரும், அதில் போடுவதற்கு ட்ஸெடாக்கா என்று பேர். காலையில் ஒரு நாணயத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள், பையில் போட்டால் அது அங்கேயே கிடக்கும், போடும் சுகம் போய்விடும். வீட்டில் இதைத் தானம், தர்மம் என்று மொழிபெயர்க்காமல் இருந்தால் நல்லது. அந்தச் சொல்லின் வேரே நீதி. இருக்கிறவன் கொடுப்பது அவன் பெருந்தன்மை இல்லை, செலுத்த வேண்டிய கடன் என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறார்கள்.

சாப்பாட்டு டப்பாதான் நிறையப் பேர் சறுக்கும் இடம். நானும் சறுக்கினேன். முதல் வாரம் கோழி வறுவலும் தயிர்ப் பச்சடியும் வைத்து அனுப்பினேன், டப்பா திறக்காமலே ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. கோஷர் என்னும் யூத உணவு முறையில் பன்றி கிடையாது, இறால் நண்டு கிடையாது, இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரவே கூடாது. என் டப்பாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பல பள்ளிகளில் இறைச்சியே கொண்டுவர வேண்டாம் என்றுவிடுகிறார்கள், நமக்கு அது வசதிதான். தயிர்சாதம், இட்லி, எலுமிச்சை சாதம் எல்லாம் தாராளமாகப் போகும், முந்திரி, கடலை மட்டும் ஒவ்வாமை காரணமாகத் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் வாங்கும் பிஸ்கட் என்றால் வட்டத்துக்குள் 'யூ' எழுத்துப் போட்ட முத்திரை மாதிரி ஏதாவது கோஷர் அடையாளம் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்தநாளுக்கு வீட்டில் செய்த கேசரியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். இன்னொன்று, ஹல்லாவில் பொதுவாக முட்டை உண்டு. முட்டை தொடாத வீடு என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது என்று நினைக்கும்போது வசந்தகாலத்தில் பெசாக் வரும், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்பார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிளம்பியவர்களுக்கு மாவு புளிக்கக்கூட நேரமில்லை என்ற கதை, அதனால் அந்த எட்டு நாளும் மட்ஸா என்னும் புளிக்காத ரொட்டி மட்டும். மட்ஸாவைத் தவிர கோதுமை, பார்லி, ஓட்ஸில் செய்தது எல்லாம் தடை. நடு, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி மரபில் அரிசியும் பருப்பும்கூட ஆகாது, ஸ்பெயின் வழி வந்த செபார்டி மரபில் அரிசி உண்டு, 2015இல் கன்சர்வேடிவ் என்ற யூதப் பிரிவின் சட்டக்குழு அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று சொன்னது, ஆனால் எல்லோரும் ஏற்கவில்லை. ஆக, வருஷம் முழுக்கக் காப்பாற்றிய இட்லி அந்த வாரம் கைவிட்டுவிடலாம். பள்ளி திறந்திருக்கும் நாட்களில் உருளைக்கிழங்கு, பழம், பாலாடைக்கட்டி என்று ஓட்டுங்கள்.

பெசாக் விருந்தில் வீட்டின் கடைக்குட்டிதான் எழுந்து நான்கு கேள்விகளைப் பாட வேண்டும், "இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி?" என்று. அதற்குப் பள்ளியில் வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். பெரியவர்கள் சொல்லிக் கேட்பது சடங்கு என்றுதான் நான் வளர்ந்தேன், இங்கே குழந்தை கேட்காமல் சடங்கு நகராது. வீட்டிலும் "ஏன்" மழை பொழியும், தயாராக இருங்கள். கொழுக்கட்டைக்கு ஏன் இந்த வடிவம் என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒரு தம்ளரில் மண்ணும் விதையும் வீட்டுக்கு வரலாம். அது மரங்களின் பிறந்தநாளான து பிஷ்வாத்துக்காக. அவர்கள் மாதமும் நிலவை வைத்துத்தான், இதுவும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் தைப்பூசத்துக்குப் பக்கத்தில் விழும், 2024இல் இரண்டும் ஜனவரி 25 அன்றே வந்தன. உள்ளே இருப்பது பார்ஸ்லி, முளைக்க மூன்று வாரம்கூட ஆகும், தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். பெசாக் விருந்தில் அதைக் கிள்ளி உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடுவார்கள், அடிமைகளின் கண்ணீர் நினைவாக. நான் கொத்தமல்லி என்று நினைத்து ரசத்தில் கிள்ளிப் போட்டேன். வேண்டாம்.

பண்டிகைத் தேதிகள் ஆங்கில நாட்காட்டியில் வருஷத்துக்கு வருஷம் நகரும், நம் அதிக மாசம் போல 19 வருஷத்தில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேரும். செப்டம்பர், அக்டோபரில் விடுமுறை கொத்துக்கொத்தாக வரும், அலுவலக லீவைப் பத்திரப்படுத்துங்கள். பூரிமுக்கு வேஷம், ஹனுக்காவுக்கு எட்டு நாள் விளக்கும் எண்ணெய்ப் பலகாரமும், அது நமக்குப் பழகின சமாச்சாரம்.

ஹீப்ரூவும் கொஞ்சம் வரும். 22 எழுத்து, வலமிருந்து இடம், ஆகவே புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தால் திட்டாதீர்கள். அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'இமா'. முதல் நாள் "அப்பா" என்று அழுதவனைப் பார்த்து, இவனுக்கு ஹீப்ரூ தெரியுமே என்று ஆசிரியை நினைத்துவிட்டார். கிளிக்கு 'துக்கி'. பைபிளில் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த 'துக்கி' மயில் என்றும், நம் தோகைதான் அந்தச் சொல் என்றும் அறிஞர்கள் பலர் சொல்வார்கள். இதை அவனிடம் சொன்னேன், தலையை ஆட்டி, "இல்ல, கிளி" என்றான்.

வாசலில் காவலரும் பூட்டிய கதவும் இருக்கும், 2018இல் பிட்ஸ்பர்க் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. ஊரிலிருந்து வரும் தாத்தா பிள்ளையைக் கூப்பிடப் போவதென்றால் அவர் பெயரை முன்கூட்டியே பதிந்து, கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.